மேல தங்கக் கோடு, உள்ள துரு

இன்னாடா பேராண்டி, புல்லட்டு வந்துடுச்சாமே! ஊரே பேசுது. மாமனார் வூட்டுத் தாழ்வாரத்துல வருசக்கணக்கா கெடந்த வண்டிய, "சும்மாதான கீது, எடுத்துக்கினு போங்க மாப்ள"ன்னு அவரு சொன்னாராம். நீயும் குட்டியானைக்கு வாடகை குடுத்து ஏத்தியாந்துட்டியாம். நல்ல மனுசன்டா உன் மாமனாரு. பொண்ணக் குடுத்தப்போ ஏமாந்து நல்ல பொண்ணாக் குடுத்துட்டாரு. அந்த நஷ்டத்த இப்ப வண்டியில ஈடு கட்டிக்கினாரு.

குந்து. நீ அடுத்தது இன்னா பண்ணுவன்னு நான் சொல்லட்டுமா? ஆரணியில பெயிண்ட் அடிக்கறவங்கிட்ட ஓடுவ. டேங்க மட்டும் கழட்டிக் குடுத்து, கறுப்பு அடிச்சு, ரெண்டு பக்கமும் தங்கக் கோடு போடச் சொல்லுவ. போட்டோ புடிச்சு அனுப்புவ. தப்பு சொல்ல மாட்டேன், அந்தக் கோட்டுக்கு ஒரு மரியாத கீது. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க இங்கிலாந்து ரெட்டிச்சுல புல்லட்டு செஞ்ச கம்பெனியோட கை கோத்து வண்டி கட்ட ஆரம்பிச்சாங்க. மொத மொத கிராக்கி நம்ம பட்டாளந்தான், 800 புல்லட்டு கேட்டாங்க. அப்புறம் திருவொற்றியூர்ல தொழிற்சாலை. வெள்ளக்காரன் அங்க கடைய மூடிட்டான், நம்மாளு இங்க நிறுத்தவே இல்ல. அந்தத் திருவொற்றியூர்ல டேங்கு மேல தங்கக் கோடு இழுக்கறதுக்குன்னே ஒரு குடும்பத்து அண்ணன் தம்பிங்க இருந்தாங்க. அச்சும் இல்ல, ஸ்கேலும் இல்ல. வெறுங்கையில பிரஷ்ஷப் புடிச்சு ஒரே இழுப்பு. பட்டுல நூலு கோணாம கோர்வ போடறவன் ஊர்ல பொறந்தவன்டா நீ, அதோட அருமை உனக்குத் தெரியணும்.

ஆனா ஒன்னு கேக்கறேன். அந்தக் கோட்டுக்குள்ள இன்னா கீதுன்னு எட்டிப் பாத்தியா? நம்ம ஊருக்கும் போர்டுக்கும் என்னிக்குமே ஆவாது. ரயிலு நிக்கறது களம்பூர்ல, போர்டு சொல்றது ஆரணி ரோடு. வெளியூர்க்காரன் எறங்கி ஆரணி எங்கன்னு தேடி முழிக்கறத நானும் நீயும் டீக்கடையில குந்திக்கினு பாத்துச் சிரிச்சவங்கதான். இன்னிக்கி நீயே டேங்கு மேல எழுதனத நம்பி எறங்கிட்ட.

இல்ல, நீ மொதல்ல பெயிண்ட்டே அடி. அப்புறமா துருவ எடுக்க உள்ள ஆசிட்ட ஊத்து. வாயில வழியற ஆசிட்டு புதுப் பெயிண்ட்ட கோடு கோடா உரிச்சு எடுக்கும். மறுபடி அடி. பெயிண்ட் அடிக்கறவனுக்கும் புள்ளகுட்டி கீதுல்ல, அவனும் பொழைக்கணும்.

உள்ள பாக்கணும்னா டார்ச்சு எடு. செல்போனு லைட்டே போதும். பீடி பத்த வெக்கற குச்சிய மட்டும் கிழிக்காத. பெட்ரோலு கீதா இல்லையான்னு குச்சி கிழிச்சுப் பாத்தா, இருந்துச்சுன்னா அது உனக்குத் தெரியாது, ஊருக்குத்தான் தெரியும். வெளிச்சம் போட்டுப் பாத்தா ஒரு அதிசயம் தெரியும். அடியிலதான் துரு இருக்கும்னு நெனச்சிருப்ப. பாத்தா மேல் தகடுதான் பொறிபொறியா உதிரும். ஏன்? பெட்ரோலு தொட்டுக்கினு இருக்கற எடத்துல துருவுக்கு வேல இல்ல. இரும்பத் துன்றது காத்தும் தண்ணியும். பெட்ரோலு மேல காலியா நிக்குதே அந்த எடம், அதுதான் துருவோட குடித்தனம். பகல்ல டேங்கு சூடாவுது, உள்ள இருக்கற காத்து மூடி ஓட்ட வழியா வெளிய போவுது. ராத்திரி குளுந்தா வெளிக் காத்த உள்ள இழுக்குது. மார்கழிப் பனியில இழுக்கற காத்துல ஈரம் இல்லாமயா? அது தகட்டுல வேர்த்து, சொட்டிச் சொட்டி கீழ எறங்கிடும். பெட்ரோலவிட தண்ணி கனம், அதனால அடியில போயி குந்திக்கும். இப்ப மேலயும் துரு, கீழயும் துரு.

இதுக்கெல்லாம் காரணம் யாருன்னு கேளு. பங்க்குல போயி "அண்ணே, நூறு ரூவாய்க்குப் போடுங்க"ன்னு காலம் பூரா சொன்னவரு உன் மாமனாருதான். வண்டிய நிறுத்தி வெக்கறதுன்னு முடிவு பண்ணா டேங்க வழிய வழிய ரொப்பி வெக்கணும், இல்லன்னா சுத்தமா வடிச்சுக் காய வெச்சு எண்ணெ பூசி மூடணும். அவரு ரெண்டுக்கும் நடுவுல, நியாயமா, அர டேங்கு விட்டு வெச்சாரு. துருவுக்குச் சீதனம்.

சரி, மூடியத் தெறந்தா ஒரு நாத்தம் வருமே, பாத்தியா? பழைய வார்னிஷ் மாதிரி. பெட்ரோலுல லேசா இருந்த சரக்கெல்லாம் பறந்து போயி, மிச்சம் இருந்தது காத்தோட சேந்து பிசினாகி டேங்கு பூரா ஒட்டிக்கினு கீது. இத நம்ம ஊர்ப் புள்ளைக்கு வெளக்கவே வேணாம். பட்டு நூலு கூட்டுலருந்து வரும்போது மேல பசையோடதான வருது? எடையில கிட்டத்தட்ட கால் பங்கு பசை. சோப்பும் சோடாவும் போட்டு வேகவெச்சுப் பசைய எடுத்தாத்தான் சாயம் புடிக்கும். பசையோட சாயத்துல முக்கினா திட்டுத் திட்டா வரும், மொதலாளி நூல மூஞ்சியில எறிவாரு. டேங்கும் அதே ஜாதிதான். பிசினு போவாம ஆசிட்டு ஊத்துனா, பிசினு இருக்கற எடத்துல ஆசிட்டு துருவத் தொடாது. அதனால மொதல்ல டீசலு கொஞ்சம் ஊத்திக் குலுக்கி வடி. அப்புறம் பாத்திரம் கழுவற சோப்பும் சுடுதண்ணியும். ரெண்டு மூணு தபா. வடிச்ச பழைய பெட்ரோல சாக்கடையில ஊத்தாத, அது எங்க போயி யாரு பீடியில முடியும்னு சொல்ல முடியாது.

இப்ப டீக்கடை வாத்தியாருங்க வருவாங்க. உன் வண்டி வந்த சேதி கேட்டு ஆளுக்கொரு வைத்தியம் ரெடியா வெச்சிருப்பாங்க. ஒருத்தன் கோக்கு ஊத்துன்னுவான். பொய் இல்ல, அதுல பாஸ்பாரிக் ஆசிட்டு கொஞ்சம் கீது, துருவ அரிக்கும். ஆனா 14 லிட்டரு டேங்குக்கு அவ்ளோ கோக்கு வாங்கறதுக்கு நீ கல்யாணமே இன்னொன்னு பண்ணலாம். சக்கரை வேற ஒட்டிக்கும். துரு போயி எறும்பு வரும். இன்னொருத்தன் பாத்ரூமு ஆசிட்டச் சொல்லுவான். அது ஹைட்ரோகுளோரிக்கு. துருவையும் துன்னும், தகட்டையும் துன்னும், பெயிண்ட்டையும் துன்னும், அந்தப் பொகைய மோந்தா உன் மூச்சுக்குழாயையும் துன்னும். வெளிய எடுத்து அஞ்சு நிமிசத்துல மறுபடி துரு பூக்கும். அந்த ஆசிட்ட ஊத்துன்னு சொல்றவன் உன் வண்டியப் பாத்து வயிறெரியறவன்னு வெச்சுக்கோ.

மூணாவது ஆளு ஜல்லியப் போட்டுக் குலுக்குன்னுவான். குலுக்கறது நல்லதுதான், சங்கதி இன்னான்னா உள்ள போடறது எல்லாம் வெளிய வரணும். ஜல்லி நொறுங்கித் தூளாகி மூலையில போயி ஒளிஞ்சிக்கும். நட்டு போட்டா, போட்டப்ப எத்தன, எடுத்தப்ப எத்தனன்னு கணக்கு எழுதி வெக்கணும். நீ பள்ளிக்கூடத்துல கணக்குல எவ்ளோன்னு எனக்குத் தெரியும். அதனால ஒரு மெல்லிசு சங்கிலியப் போடு, ஒரு முனைய கம்பி கட்டி வெளிய விட்டு வெய்யி. இழுத்தா முழுசா வந்துடும். டேங்க பழைய கம்பளியில சுத்தி, வூடு கட்டற எடத்துல கலவ மிஷினு ஓடிக்கினு இருந்தா கயிறு போட்டு அதுமேல கட்டிச் சுத்த வுட்டவங்க கூட கீறாங்க. மேஸ்திரிக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்தா சம்மதிப்பாரு.

நாலாவது ஆளுதான் ஆபத்து. "ஓட்ட தெரியுதே, வெல்டிங் வெச்சுடலாம்"னுவான். அவங்கிட்ட வாய மூடிக்கினு டேங்கத் தூக்கிக்கினு வந்துடு. எல்லாரும் இன்னா நெனக்கறாங்கன்னா, நெறஞ்ச டேங்குதான் வெடிக்கும், காலி டேங்கு சாதுன்னு. நெசம் தலகீழா கீது. நெறஞ்ச டேங்குல காத்துக்கு எடம் இல்ல. காலி டேங்குலதான் பெட்ரோலு ஆவியும் காத்தும் கலந்து நிக்கும். அந்த ஆவி காத்துல 100க்கு ஒன்றரையில ஆரம்பிச்சு ஏழரை பங்கு வரைக்கும் இருந்தா, ஒரு பொறி போதும். ஏழரைன்னா இன்னான்னு உனக்குத் தனியாச் சொல்லணுமா? அந்த ஆவி காத்தவிட கனம் வேற, தரையோட ஊர்ந்து போயி அடுப்பத் தேடிப் புடிக்கும். டேங்கு வேல தெரிஞ்சவன் உள்ள தண்ணிய ரொப்பி, பத்த வெக்கற எடம் மட்டும் காலியா வுட்டுத்தான் கைய வெப்பான். அப்படிச் செய்யறவனாப் பாத்துக் குடு. செய்யாதவன் பட்டறையில நிக்கக்கூட செய்யாத.

ஓட்ட கீதான்னு கண்டுபுடிக்க மிஷினு எதுவும் வேணாம். டேங்கு அடியில, ஒட்டு போட்ட வரிசையில, சுண்ணாம்பக் கரைச்சு வெளிப்பக்கமா பூசிக் காயவுடு. உள்ள டீசல ஊத்தி ராத்திரி பூரா வெய்யி. காலையில வெள்ளை மேல எங்க கறை புடிச்சிருக்கோ அங்கதான் ஓட்ட. நடுரோட்டுல ஒழுக ஆரம்பிச்சா, துணி சோப்பு கட்டிய எடுத்து ஓட்டயில அழுத்தித் தேச்சா நிக்கும். சோப்பு தண்ணியிலதான் கரையும், பெட்ரோலுல கரையாது. லாரிக்காரங்களுக்கு இது தாய்ப்பாலோட வந்த படிப்பு. ஆனா அது வூடு வந்து சேரத்தான். சோப்ப நம்பி வருசம் பூரா ஓட்டறவன் ஒருத்தன் நம்ம தெருவுல கீறான், அவன் வண்டி பக்கத்துல நான் பீடி குடிக்கறதில்ல.

இப்ப வைத்தியத்துக்கு வருவோம். உன் பாட்டி குத்துவெளக்கு புளி போட்டுத்தான தேச்சா? புளிப்பு எதுவா இருந்தாலும் துருவக் கரைக்கும், வேகந்தான் வேற. 14 லிட்டரு புளித்தண்ணி கரைச்சா கல்யாண வூட்டு ரசம் ஆயிடும், அதனால சிட்ரிக் ஆசிட்டு தூளா வாங்கு. லிட்டருக்கு 50 கிராம் கணக்கு, மொத்தம் 700 கிராம். பெட்ரோலு டேப்பக் கழட்டிட்டு அந்த ஓட்டைக்கு ரப்பர் கார்க்கு அடி. பித்தள டேப்ப உள்ள வுட்டுட்டு ஆசிட்டு ஊத்தாத. வெதுவெதுன்னு தண்ணியில தூளக் கரைச்சு வாய் வரைக்கும் ரொப்பு. வாய் வரைக்கும்னா வாய் வரைக்கும். மேல் தகடுதான் நோயாளின்னு சொன்னனே, முக்கால் டேங்கு ரொப்பிட்டு வந்து "தாத்தா, மேல துரு அப்படியே கீது"ன்னு நிக்காத. ஒரு ராத்திரி வெய்யி, காலையில பாரு, இன்னும் இருந்தா சாயங்காலம் வரைக்கும் வுடு. வாரக்கணக்குல மறந்துட்டுப் போயிடாத, துரு தீந்ததும் அது தகட்ட ருசி பாக்கும். ஊறும்போது பொங்கி வர்ற குமிழு ஹைட்ரஜன். மூடிய இறுக்காத, திண்ணையில காத்தாட வெய்யி, கிட்ட நெருப்பு ஆவாது.

ஆசிட்டே வேணாம்னா கரண்டு வைத்தியம் கீது. துணி தொவைக்கற சோடாவ 4 லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூனு கணக்குல கரைச்சு ரொப்பு. பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ் டேங்குல, பாசிட்டிவ் ஒரு இரும்புக் கம்பியில. கம்பிய வாய் வழியா தொங்கவுடு, டேங்குல எங்கயும் உரசக் கூடாது, உரசுனா பொறி. துரு டேங்க வுட்டுக் கழண்டு வரும், கம்பி அழுகும். மாத்திப் புடிச்சேன்னா கம்பி பளபளன்னு ஆயிடும், டேங்கு அழுகும். ரொம்பப் புத்திசாலியா எவர்சில்வரு கம்பி போடாத, அதுலருந்து எறங்கற குரோமியம் விஷம். இந்த முறையில தகடு தேயாது, அது ஒசத்தி. ஆனா கம்பிக்கு நேரா இருக்கற எடந்தான் நல்லா சுத்தமாவும், மூலை முடுக்கு பாக்கி நிக்கும். எங்கிட்டயும் ஒரு சார்ஜரு இருந்துச்சு. உன் மாமனாருதான் ரெண்டு நாள்ல தரேன்னு வாங்கிக்கினு போனாரு. நீ அவரு வூட்டு மாப்ள, கேக்கறதுக்கு உனக்கு வெக்கமா இருக்கும். எனக்கும் அதேதான், அப்பிடியே கெடக்குது.

ஆசிட்ட வடிச்சதும் ஓட ஆரம்பிக்கணும். டீ குடிச்சுட்டு வந்து பாக்கலாம்னு போனியோ, வந்து பாக்கறப்ப டேங்கு உள்ள ஆரஞ்சு சுங்கடி போட்ட மாதிரி இருக்கும். சுத்தமான இரும்புக்கு ஈரம் பட்டா அவ்ளோ அவசரம். வடிச்ச ஒடனே சோடா உப்புத் தண்ணி ஒரு தபா, நல்ல தண்ணி ரெண்டு தபா, அப்புறம் ஸ்பிரிட்டு கொஞ்சம் ஊத்திச் சுத்தி வடி. ஸ்பிரிட்டு தண்ணியத் தன்னோட இழுத்துக்கினு போயிடும். அது முழுசாப் பறக்கற வரைக்கும் வெயில்ல, திறந்தபடி. அவசரம்னு ஸ்பிரிட்டு ஈரத்தோடவே பொண்டாட்டியோட ஹேர் டிரையர உள்ள வுடாத, அந்த மிஷினுக்குள்ள சுருள் செவக்கக் காயுது. நல்லா காஞ்சப்புறம் 2டி ஆயிலும் பெட்ரோலும் கலந்து கொஞ்சம் ஊத்தி, எல்லாப் பக்கமும் படற மாதிரி உருட்டி வெய்யி.

"உள்ள எபாக்ஸி கோட்டிங் அடிக்கலாமா தாத்தா?" அதுதான கேக்க வந்த? பொடி ஓட்டைங்க நெறய இருந்தா அடிக்கலாம். தகடு நல்லா இருந்தா எதுக்கு? அடிக்கறதுன்னா ஒரு துளி எண்ணெ, ஒரு துளி ஈரம், ஒரு பொட்டு துரு இருக்கக் கூடாது. இருந்தா ஆறு மாசத்துல அப்பளம் மாதிரி உரிஞ்சி வந்து டேப்புல அடைக்கும். அப்ப அத எடுக்கறதுக்கு நீ படற பாட்டுக்கு, துருவே தேவலாம்னு தோணும். இப்ப வர்ற பெட்ரோலுக்குத் தாங்கற சரக்கான்னும் பாரு. 2023லருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலு வந்து, இன்னிக்கி எந்த பங்க்குல போட்டாலும் பெரும்பாலும் அதுதான். எத்தனாலு சாராய வம்சம். தண்ணியப் பாத்தா வுடாது, கலந்துக்கும். ஒரு அளவுக்கு மேல தண்ணி சேந்தா ரெண்டும் கூட்டு வெச்சுக்கினு பெட்ரோல வுட்டுப் பிரிஞ்சி அடியில போயி குந்திக்கும். டேப்பு உறிஞ்சறது அடியிலருந்து. எஞ்சினுக்குப் பெட்ரோலுக்குப் பதிலா தண்ணி கலந்த சாராயம் போவும். பழைய பிசின அது கரைச்சுக் கார்புரேட்டருக்கு அனுப்பும், பழைய ரப்பர் டியூபு, வாஷரெல்லாம் ஊதிப் போவும். அதனால டியூபு, டேப்பு வாஷரு எல்லாத்தையும் புதுசா மாத்திடு. அதுல நூறு ரூவா மிச்சம் புடிக்காத, அது உன் மாமனாரு குடும்பத்துப் பழக்கம், தொத்திக்கும்.

டேப்பு மேல நிக்கற பித்தள வலையத் தேச்சுக் கழுவு. டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் ஃபில்டரு ஒன்னு போடு, வெல ரொம்பக் கம்மி. மொத ரெண்டு டேங்கு பெட்ரோலு வரைக்கும் அதுல செம்மண்ணு சேருதான்னு பாத்துக்கினே இரு. சேந்தா டேங்கு இன்னும் கழுவப்படலன்னு அர்த்தம், கார்புரேட்டரத் திட்டாத. நம்மூர்ல பாதிப் பேரு டேங்குத் துருவுக்குப் பயந்து கார்புரேட்டரு மாத்தறாங்க. மீதிப் பேரு பிளக்கு மாத்தறாங்க.

கடைசியா அந்த மூடி. அத பெயிண்ட் அடிக்கக் குடுக்கும்போது நடுவுல இருக்கற பொடி ஓட்டைய மறந்துடாதன்னு அவங்கிட்ட சொல்லு. அது அடைஞ்சா பெட்ரோலு எறங்க எறங்க உள்ள வெற்றிடம் ஆவும், கொஞ்ச தூரத்துல வண்டி விக்கி நிக்கும். மூடியத் தெறந்தா "உஸ்"ஸுன்னு சத்தம் கேட்டு மறுபடி ஓடும். போளூருக்குப் பெட்டி கட்டிக்கினு போற ஒருத்தருக்கு இதுதான் ஆச்சு. தெனம் அதே முனீஸ்வரன் கோயிலாண்ட வண்டி நிக்கும். எறங்கி ஒரு தேங்கா ஒடைப்பாரு, பெட்ரோலு கீதான்னு மூடியத் தெறந்து பாப்பாரு, ஒதைச்சா ஸ்டார்ட் ஆயிடும். சாமிக்கு சக்தி கீதுன்னு ஊருக்கே சொல்லி, பின்னால வர்ற லாரிக்காரங்களும் நிறுத்த ஆரம்பிச்சாங்க, தேங்கா கட ஒன்னு வந்துச்சு, கொட்டகை போட்டாங்க. நான் ஒரு நாளு அவரு வண்டியில பின்னால குந்திக்கினு போனேன். சும்மா இருக்க முடியல, சட்டப் பாக்கெட்டுல இருந்த ஊக்க எடுத்து அந்த ஓட்டையில ஒரு குத்து குத்துனேன். அன்னியிலருந்து அந்தப் பூசாரி எங்கிட்ட பேசறதில்ல.